அமாக்சிசிலின்–கிளாவுலனிக் அமிலம் 625: ஒரு மாத்திரையின் மதிப்புரை

சர்க்கரை நோயுள்ள என் தாயாருக்குச் சென்ற ஆண்டு சிறுநீர்த் தொற்று ஏற்பட்டது. சிறுநீரிலிருந்த கிருமியை வளர்த்துப் பார்த்து ஆய்வகம் தந்த கல்ச்சர் அறிக்கையில், கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியாவின் பெயருக்குக் கீழே, ஆம்பிசிலினுக்கு நேரே ‘ஆர்’ என்றும் அமாக்சிசிலின்–கிளாவுலனிக் அமிலத்துக்கு நேரே ‘எஸ்’ என்றும் இருந்தது. முன்னது பலிக்காது, பின்னது பலிக்கும் என்பது பொருள். ஆம்பிசிலினும் அமாக்சிசிலினும் பெனிசிலின் குடும்பத்து உடன்பிறப்புகள் போன்றவை. ஒன்று தோற்கும் இடத்தில் மற்றதும் தோற்கும். அப்படியானால் மாத்திரையில் 500 மில்லிகிராம் அமாக்சிசிலினோடு கூடுதலாக உள்ள 125 மில்லிகிராம் கிளாவுலனிக் அமிலம்தான் முடிவை மாற்றியிருக்க வேண்டும். மருத்துவர் ஏழு நாளுக்கு எழுதித் தந்த அந்த 625 மாத்திரையை இந்தக் கோணத்திலேயே மதிப்பிடுகிறேன்.

நாம் மருந்துகளைத் தவறாகப் பயன்படுத்தியதால்தான் பாக்டீரியாக்கள் எதிர்ப்பைக் கற்றுக்கொண்டன என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மையே. கிளெப்சியெல்லா, ஆம்பிசிலினைச் சிதைக்கும் பீட்டா லாக்டமேஸ் நொதிக்கான மரபணுவைத் தன் குரோமோசோமிலேயே வைத்திருக்கிறது; எந்த மாத்திரையையும் பார்த்திராத கிளெப்சியெல்லாவும் பிறவியிலேயே அதற்கு அடங்காது. பெனிசிலின் பொதுப் பயன்பாட்டுக்கு வருமுன்பே, 1940-இல், அதை அழிக்கும் நொதி ஒன்று பாக்டீரியாவில் இருப்பதை ஆபிரகாமும் செயினும் அறிவித்துவிட்டனர். மண்ணில் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் ஒன்றையொன்று எதிர்த்துப் போரிட்டுவந்த நெடுங்காலத்தின் மிச்சம் இது.

கிளாவுலனிக் அமிலமும் அதே மண்ணின் விளைச்சல்தான் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிளாவுலிஜெரஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் இப்பொருளை 1970-களில் பிரிட்டனின் பீச்சம் நிறுவனத்தார் கண்டெடுத்தனர். அமாக்சிசிலினுடன் சேர்த்து 1981-இல் ஆக்மென்டின் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். தனியாகக் கொடுத்தால் அதற்குப் பாக்டீரியாவைக் கொல்லும் ஆற்றல் மிகக் குறைவு. ஆனால் அதன் உருவம் பெனிசிலினை ஒத்திருப்பதால், நொதி அதை இரையென்று கவ்விக்கொண்டு, தூண்டிலில் சிக்கிய மீன்போல் விடுபட முடியாமல் செயலிழக்கிறது; அந்த இடைவெளியில் அமாக்சிசிலின் பாக்டீரியாவின் சுவர் கட்டப்படுவதைத் தடுத்துவிடுகிறது. என் தாயாருக்கு மூன்றாம் நாளில் காய்ச்சல் தணிந்தது.

இந்தத் தந்திரத்துக்கு எல்லை உண்டு. நொதி காரணமாக இல்லாத எதிர்ப்பை இது தொடவே தொடாது. மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்குச் செல்சுவரே கிடையாது. ஆகவே சுவரைத் தாக்கும் மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. எம்.ஆர்.எஸ்.ஏ. எனப்படும் ஸ்டெஃபிலோகாக்கஸ், மருந்து வந்து பற்றும் புரதத்துக்குப் பதிலாக வேறொன்றை வைத்துக்கொள்கிறது. சூடோமோனாஸ் ஏருஜினோசாவோ மருந்து எளிதில் நுழைய முடியாத வெளிச்சவ்வையும், நுழைந்ததை வெளியேற்றும் பம்புகளையும், கிளாவுலனிக் அமிலத்துக்கு மசியாத வேறொரு பீட்டா லாக்டமேஸையும் ஒருங்கே கொண்டிருக்கிறது. புதுடெல்லியின் பெயரைச் சுமக்கும் என்.டி.எம். நொதிக்கும் இந்த இரை பயன்படாது. சாதாரணச் சளிக்கு, அதாவது வைரஸுக்கு, இதைக் கடையில் கேட்டு வாங்குவோரைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

பயன்பாட்டில் குறைகள் உண்டு. மாத்திரை பெரியது, விழுங்கச் சிரமம். கிளாவுலனிக் அமிலம் வயிற்றுப்போக்கைத் தூண்டக்கூடியது. முதல் இரண்டு நாள் என் தாயார் அவதிப்பட்டார், உணவு உண்ணத் தொடங்கும்போதே விழுங்கச் சொன்ன பிறகு சற்றுக் குறைந்தது. 625 கிடைக்காதபோது இரண்டு 375 மாத்திரைகளைப் போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் கணக்கிடுவது தவறு: 375-இல் 250 மில்லிகிராம் அமாக்சிசிலினுடன் அதே 125 மில்லிகிராம் கிளாவுலனிக் அமிலம் இருப்பதால், இரண்டு சேர்ந்தால் தொல்லை தரும் பகுதி இரட்டிப்பாகிறது. அரிதாக, பெரும்பாலும் வயது முதிர்ந்த ஆண்களுக்கு, மஞ்சள் காமாலையும் வரலாம். ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்பதால், உண்ணும் நேரம்வரை உறையிலிருந்து பிரிக்காமல் வைத்திருப்பதே நல்லது.

இதே தந்திரம் இன்று வெகுதூரம் வளர்ந்திருக்கிறது. செஃப்டாசிடிம் என்ற பாக்டீரியா கொல்லி மருந்துடன் சேரும் அவிபாக்டம் என்ற நொதித்தடுப்பான் 2015-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. சென்னையின் ஆர்கிட் நிறுவனம் கண்டறிந்த அத்தகைய இன்னொன்றான என்மெட்டசோபாக்டம், செஃபெபைம் என்ற மருந்துடன் சேர்ந்து 2024-இல் அதே ஒப்புதலைப் பெற்றது. நம்மூர் ஆய்வகத்தில் பிறந்த மருந்து என்பதால் எனக்கு அதில் தனிப் பெருமிதம் உண்டு. ஆனால் அவ்விரண்டும் நரம்பு வழியாக ஏற்றப்படுபவை, மருத்துவமனைப் படுக்கைக்கு உரியவை. அறிக்கையில் அந்த ‘எஸ்’ இருந்ததால், என் தாயார் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தே, இட்லியோடு மாத்திரையை விழுங்கி ஏழு நாளை முடித்தார்.