சிக்மகளூர் பீபெர்ரி, யிர்கசெஃப், புளூ மவுன்டன்: பெயரைக் கேட்டு முன்பணம் கட்டாதீர்கள்

மாதாமாதம் வீடு தேடி வரும் காப்பிக்கொட்டை, ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு ஊர்க் கொட்டை, ஆறு மாதத்துக்கும் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி. இப்படி ஒரு திட்டத்தை வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் நடக்கும் சந்தைகளிலும் நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரு வியாபாரி ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறார். தமிழர்தான். விற்பதும் பெரும்பாலும் தமிழர்களிடம்தான். நான் பணம் கட்டி ஏமாந்தேன். புகார் இன்னும் முடியவில்லை என்பதால் பெயரைப் போடவில்லை. நடந்ததை மட்டும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன், அதை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

தீபாவளிச் சந்தையில்தான் முதலில் பார்த்தேன். சின்ன மேசை, அதன் மேல் ஒரு நல்ல எஸ்பிரெஸோ இயந்திரம், பக்கத்தில் பித்தளை டபரா செட். “அக்கா, நம்ம சிக்மகளூர் பீபெர்ரி. முதல்ல குடிச்சுப் பாருங்க, புடிச்சா மட்டும் பேசுவோம்” என்று ஒரு சின்னக் கோப்பையை நீட்டினார். பீபெர்ரி என்றால் பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை. காப்பி உண்மையிலேயே அருமையாக இருந்தது. ஏமனின் மோக்கா துறைமுகத்திலிருந்து பாபா புடான் ஏழு விதைகளை ஒளித்துக் கொண்டுவந்து சந்திரகிரி மலையில் நட்டதாகச் சொல்லப்படும் 17ஆம் நூற்றாண்டுக் கதையை அழகாகச் சொன்னார். மிளகுக்கொடி படர்ந்த நிழல் மரங்களுக்கு அடியில் காப்பிச்செடி வளர்வதைச் சொன்னார். விஷயம் தெரிந்த ஆள். தெரியாமல் ஒருவர் தப்பான சரக்கை விற்றால் திருத்திக்கொள்வார் என்று விட்டுவிடலாம். இவர் ஒவ்வொன்றும் தெரிந்தே செய்தவர்.

வீட்டில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எனக்கும் கணவருக்கும் எஸ்பிரெஸோ இயந்திரமும் கொட்டை அரைக்கும் கிரைண்டரும், மாமியாருக்குப் பித்தளை ஃபில்டரும் என்றேன். அப்படியென்றால் மாதம் இரண்டு பொட்டலம் வேண்டும் என்றார். பொட்டலம் 250 கிராம், 28 வெள்ளி. ஆறு மாதத்துக்கு 336 வெள்ளி, மொத்தமாகக் கட்டினால் 300. பேநவ் செய்தேன், அதாவது கைப்பேசி வழியாக அவர் வங்கிக் கணக்குக்கே உடனே பணம் அனுப்பினேன். ரசீது கேட்டபோது வாட்ஸ்அப்பில் திட்டத்தின் விவரத்தை அனுப்பினார்: முதல் மாதம் சிக்மகளூர் பீபெர்ரி, இரண்டாவது எத்தியோப்பியா யிர்கசெஃப், மூன்றாவது ஜமைக்கா புளூ மவுன்டன், பிறகு சுமத்ரா காயோ, இன்னும் சில பெயர்கள். எல்லாமே நூற்றுக்கு நூறு அரபிகா, அதாவது வாசத்துக்குப் பெயர்போன, விலை கூடிய காப்பி வகை. பின்னால் எனக்கு உதவியது அந்த ஒரு செய்திதான்.

முதல் மாதப் பொட்டலத்தில் குறையே இல்லை. வறுத்த தேதி கையால் எழுதி ஒட்டியிருந்தது. 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காப்பி, அரை நிமிடத்துக்குள், மேலே தேன் நிறத்தில் கிரீமா என்கிற நுரை. மாமியாரும் டிகாஷன் நன்றாக இறங்குகிறது என்றார். அதனால்தான் எங்கள் புளோக்கில் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்து அதே திட்டத்தில் சேர்ந்தார்கள். அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாவது மாதம் யிர்கசெஃப் என்ற பெயரில் வந்ததைப் பற்றிச் சொல்லும் முன், அசல் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். தெற்கு எத்தியோப்பியாவில் கெதியோ பகுதியில், பெரும்பாலும் 1,700 மீட்டருக்கு மேலே விளைவது. கழுவிப் பதப்படுத்திய யிர்கசெஃப் என்றால் மல்லிகை மாதிரி ஒரு வாசம், எலுமிச்சைத் தோல் மாதிரி ஒரு புளிப்பு. அந்த வாசம் கெடக்கூடாது என்பதற்காகவே பெரும்பாலும் இளவறுப்பாகத்தான் வறுப்பார்கள். கொட்டை பழுப்பு நிறத்தில், எண்ணெய்ப் பளபளப்பு இல்லாமல் காய்ந்தே இருக்கும்.

எனக்கு வந்தது கிட்டத்தட்ட கறுப்பு. கண்ணாடி பூசிய மாதிரி பளபளத்தது. பொட்டலத்தைப் பிரித்ததும் கருகிய சர்க்கரை வாசம். வறுத்த தேதி எழுத வேண்டிய இடம் காலி. இரண்டு வருடம் தள்ளி ஒரு காலாவதித் தேதி மட்டும் அச்சாகியிருந்தது. சரி, அதிகமாக வறுத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று கிரைண்டரில் போட்டேன். சில நாளில் அரைக்கும் சத்தம் மாறியது. பிறகு ஒரு காலை நின்றே போய்விட்டது. மேல் பல்தட்டைக் கழற்றிப் பார்த்தால், ஒவ்வொரு பல்லின் இடுக்கிலும் கறுப்பாக, தார் போல ஏதோ உறைந்திருந்தது. தூரிகைக்கு அசையவில்லை. பல்குச்சியால் குத்தினால் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. வெந்நீரில் நனைத்த துணியை வைத்து அழுத்தியதும் இளகி, பழுப்பாகி, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. காப்பி எண்ணெய் அப்படி ஒட்டாது. அது சர்க்கரை.

கிரைண்டரைப் பழுதுபார்க்கக் கொண்டுபோனபோது அந்தக் கடைக்காரர் பார்த்த உடனே, “கோப்பிக்கடைக் கொட்டையைப் போட்டீங்களா? இதுல அதை அரைக்கக் கூடாதே” என்று கேட்டார். பல்தட்டு இரண்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. அந்தச் செலவும் என் தலையில்.

வீட்டுக்கு வந்து இரண்டு கண்ணாடித் தம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றில் முதல் மாதத்தில் மிஞ்சிய கொட்டை, இன்னொன்றில் ‘யிர்கசெஃப்’. முதல் தம்ளரில் கொட்டைகள் மிதந்தன, தண்ணீர் தெளிவாகவே இருந்தது. இரண்டாவதில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு கொட்டையிலிருந்தும் பழுப்பு நூல் போல ஏதோ கரைந்து கீழே இறங்கியது. எடுத்துத் துடைத்தபோது மேல்பூச்சு போய்க் கொட்டையின் உண்மையான வடிவம் தெரிந்தது: உருண்டையாக, நடுக்கோடு நேராக. அரபிகா பொதுவாக நீள்வட்டமாக இருக்கும், நடுக்கோடு வளைந்து போகும். எனக்கு விற்றது சர்க்கரை சேர்த்து வறுத்த ரோபஸ்டா, அரபிகாவைவிட விலை குறைந்த, கசப்பு கூடிய வகை.

இந்த ஊர்க் கோப்பியைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ரோபஸ்டாவைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுத்து, துணி வடிகட்டியில் இறக்கி, கட்டிப்பால் ஊற்றித் தருவது இங்கே பல தலைமுறைக் கைத்திறன். 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய உணவங்காடிக் கலாசாரத்தில் அந்தக் கோப்பிக்கும் பங்கு உண்டு. கோப்பி ஓ சியூ டாய் (பால் இல்லாமல், சர்க்கரை குறைத்த கோப்பி) இல்லாமல் என் மத்தியானம் நகராது. ஆனால் வறுக்கும்போது கொட்டையின் எடை ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம் குறையும், சர்க்கரை அந்த எடையையும் ஈடுகட்டிவிடும். அப்படிப்பட்ட கொட்டையை அதன் விலைக்குக் கோப்பி என்று சொல்லி விற்றால் நானே வாங்குவேன். எத்தியோப்பியா என்று ஒட்டி 28 வெள்ளிக்கு விற்றதுதான் மோசடி.

கேட்டதற்கு வந்த பதில்கள் ஒவ்வொரு முறையும் மாறின. முதலில், “அது டார்க் ரோஸ்ட் அக்கா, பழகினா புடிக்கும்.” தண்ணீரில் போட்ட படத்தை அனுப்பியதும், “உங்க கிரைண்டர் பழசு போல.” நடுக்கோடு தெரிகிற படத்தை அனுப்பியதும், “அது யிர்கசெஃப் ஸ்டைல் பிளென்ட் அக்கா, அசல்னு நான் சொல்லலையே.” அவர் அனுப்பிய செய்தியையே திருப்பி அனுப்பினேன். நீலக்குறி விழுந்தது, பதில் வரவில்லை. மூன்றாவது மாதம் புளூ மவுன்டன் என்று வந்த பொட்டலத்திலும் அதே கறுப்புக் கொட்டைதான். அசல் புளூ மவுன்டன் ஜமைக்காவின் கிழக்கு மலைகளில், ஏறக்குறைய 3,000 முதல் 5,500 அடி உயரத்தில், சட்டப்படி எல்லை வகுத்த பகுதியில் மட்டும் விளைவது. அரசு அமைப்பு சான்றளித்து, பெரும்பாலும் மரப் பீப்பாயில் ஏற்றுமதியாவது. கால் கிலோ 28 வெள்ளிக்கு அது கிடைக்க வழியே இல்லை. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. என் எண்ணையும் தடைசெய்துவிட்டார்.

எனக்கு 300 வெள்ளியைவிட அதிகம் வலித்தது, என் மாமியார் கேட்ட கேள்வி. “நம்மாளுன்னுதானேம்மா வாங்கினோம்?” வெளியூரில் தமிழில் பேசி ஒருவர் காப்பி ஊற்றிக் கொடுத்தால் நம் மனசு இளகும். அந்த இளக்கத்தையே இந்த ஆள் முதலாகப் போட்டு வியாபாரம் செய்கிறார். நேர்மையாகக் கொட்டை விற்கும் நம் கடைக்காரர்களின் பெயரும் இவரால்தான் கெடுகிறது.

இனி வாங்கப்போகிறவர்களுக்கு: ‘எத்தியோப்பியா’, ‘இந்தியா’ என்று நாட்டின் பெயர் மட்டும் போட்டிருந்தால் அது போதாது. எந்த வட்டாரம், எந்தத் தோட்டம் அல்லது எந்தக் கூட்டுறவுச் சங்கம், கழுவிப் பதப்படுத்தியதா பழத்தோடு உலர்த்தியதா என்று கேளுங்கள். உண்மையாக வாங்கி வறுப்பவருக்கு இவை எல்லாம் மூட்டையிலேயே எழுதி வருகிற விவரங்கள், உடனே சொல்வார். சிக்மகளூர், குடகு, பாபாபுடன்கிரி, அரக்கு அரபிகாக்களுக்கும் வயநாடு ரோபஸ்டாவுக்கும் இந்தியாவில் 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆகவே அங்கே அந்தப் பெயர்களை நினைத்தபடி ஒட்டிக்கொள்ள முடியாது. ‘ஸ்டைல்’, ‘டைப்’, ‘பிளென்ட்’ என்ற சொல் சின்ன எழுத்தில் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பீபெர்ரி என்று சொன்னால் கொட்டையைக் கையில் கொட்டிப் பார்த்தாலே போதும். சாதாரணமாக ஒரு பழத்துக்குள் இரண்டு விதை ஒன்றையொன்று பார்த்து ஒட்டியிருப்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டைப் பக்கம் இருக்கும். பீபெர்ரி தனி விதை, அதனால் பட்டாணி போல உருண்டையாக இருக்கும். தட்டைக் கொட்டைகள் நிறைய இருந்தால் அது பீபெர்ரி இல்லை. சர்க்கரை பூசிய உருண்டை ரோபஸ்டாவைக் காட்டி ஏமாற்றவும் வழி இருக்கிறது, அதற்குத்தான் மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனை. அரைத்த தூளாக வாங்குபவர்கள் பச்சைத் தண்ணீர் மேல் ஒரு சிட்டிகை தூவுங்கள். காப்பித்தூள் கொஞ்ச நேரமாவது மிதக்கும். சிக்கரி உடனே மூழ்கிக் கோடு கோடாக நிறம் விடும். சிக்கரி சேர்ப்பது தப்பில்லை, எங்கள் வீட்டு ஃபில்டருக்கே கொஞ்சம் வேண்டும். பொட்டலத்தில் எழுதாமல் சேர்ப்பதுதான் தப்பு.

வறுத்த தேதி இல்லாத பொட்டலத்தை எஸ்பிரெஸோவுக்கு வாங்கவே வேண்டாம். வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு தங்கியிருக்கும், அது மெல்ல மெல்ல வெளியேறும். வறுத்து ஒரு வாரம் பத்து நாள் ஆறவிட்டு, ஒன்றரை மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது. தூளின் மேல் வெந்நீர் ஊற்றினால் பொங்கி உப்ப வேண்டும். உப்பாமல் சேறு மாதிரி படிந்தால் கொட்டை பழசு. இயந்திரத்தில் 9 பார் அழுத்தம் இருந்தாலும், மிக நைசாக அரைத்தாலும், காப்பி பத்தே நொடியில் வெளுப்பாகக் கொட்டினால் பெரும்பாலும் கோளாறு கொட்டையில்தான். கடைக்காரர் உங்கள் இயந்திரத்தைக் குறை சொல்லிப் புதிதாக ஒன்றை விற்கப் பார்த்தால் இதைச் சொல்லுங்கள். கிரீமா நிறைய வருகிறது என்பதும் தரத்துக்குச் சான்று இல்லை, ரோபஸ்டாவில்தான் அது கெட்டியாக வரும்.

இப்போது நான் தீவுக்குள்ளேயே வறுப்பவர்களிடம் 200, 250 கிராமாக, தேதி பார்த்து வாங்குகிறேன். முன்பணம் யாருக்கும் இல்லை.

என் புகாரைக் கேஸ் எனப்படும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் பதிந்தேன். அவர்கள் எழுதிய கடிதத்துக்கும் வியாபாரியிடமிருந்து பதில் இல்லை. அடுத்ததாக ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றத்தில் இணையம் வழியாக மனு கொடுத்திருக்கிறேன். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே கொண்டுபோகலாம், வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை. பயனீட்டாளர் கேட்கும் தொகை 5,000 வெள்ளிக்குள் இருந்தால் கட்டணம் 10 வெள்ளிதான். விற்றவர் சொன்ன வாக்குறுதி, பணம் அனுப்பிய சான்று, பொட்டலத்தின் முன்பக்கம் பின்பக்கம் படங்கள், கிரைண்டர் பழுதுபார்த்த ரசீது, இவை நான் கொடுத்தவை. மிஞ்சிய கொட்டையையும் காற்றுப் புகாத டப்பாவில் அப்படியே வைத்திருக்கிறேன். பொட்டலத்தில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி இல்லாவிட்டால் சிங்கப்பூர் உணவு அமைப்பிடமும் தெரிவிக்கலாம். என் பொட்டலத்தில் முகவரி இல்லை, தெரிவித்துவிட்டேன்.

இதே திட்டத்தில் சேர்ந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், பொட்டலங்களையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போடுங்கள். எப்படி நிரப்புவது என்று தெரியாவிட்டால் என்னிடம் கேளுங்கள், உட்கார்ந்து சேர்ந்தே நிரப்பிவிடலாம்.