எச்சிலை மட்டும் பார்த்து ரூட் கெனால் என்றால் சம்மதிக்காதீர்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல்வலிக்கு டாக்டர் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

அம்மாவுக்குக் கீழ்க் கடைவாயில் வலி. தருமபுரி டவுனில் ஒரு தனியார் பல் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். சின்னக் குப்பியில் எச்சில் துப்பச் சொன்னார்கள். அதில் ஒரு பட்டையை நனைத்துப் பார்த்துவிட்டு, "மூணு பல்லுல வேர்ல தொற்று இருக்கும்மா. எச்சில்லயே தெரிஞ்சுடுது, எக்ஸ்ரே வேண்டாம்" என்றார் அங்கிருந்தவர். மூன்றுக்கும் ரூட் கெனால், மேலே கேப். பன்னிரண்டாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு, பில்லுக்குப் பதில் துண்டுச் சீட்டு கொடுத்தார்கள்.

அம்மாவின் முன்பல்லில் உள்ள பழுப்புக் கறையையும் தொற்றின் அடையாளம் என்று பயமுறுத்தினார்கள். போர் தண்ணீர் குடித்து வளர்ந்த நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேருக்கு அந்தக் கறை இருக்கிறது! அது ஃபுளோரைடால் வருவது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்ததே அதற்காகத்தான். இந்த மாவட்டத்தில் பல் பார்க்கிறவருக்கு இது தெரியாமல் இருக்காது. எனக்கு அதுதான் ஆறவில்லை.

மனசு ஒப்பாமல் வேறொரு டாக்டரிடம் போனோம். பல் பல்லாகத் தட்டிப் பார்த்தார், குளிர்ச்சி வைத்துப் பார்த்தார், சின்ன எக்ஸ்ரே எடுத்தார். ஒரே ஒரு பல்லில்தான் வேர்நுனியில் தொற்று. மற்ற இரண்டிலும் நரம்பு நன்றாக இருக்கிறது, ஈறுதான் வீங்கியிருக்கிறது என்றார்.

முதல் கிளினிக் கொடுத்த சீட்டில் 'எம்.எம்.பி. 8' என்று எழுதியிருந்ததை இந்த டாக்டரிடம் காட்டினேன். அது அழற்சி இருந்தால் கூடுகிற ஒரு நொதியாம். ஈறு வீங்கினாலும் கூடும். எச்சில் வாய் முழுக்கக் கலந்து வருவது. எந்தப் பல் என்று அது எப்படிச் சொல்லும்? வேர்த் தொற்றைக் கண்டுபிடிக்க இந்த நொதியும் இன்டர்லூகின் போன்ற புரதங்களும் உதவுமா என்று ஆராய்ச்சி உண்மையிலேயே நடக்கிறது. ஈறிடுக்கில் ஊறும் நீரைக் காகிதப் பட்டையில் எடுத்துப் பார்த்தால் அந்தந்தப் பல்லுக்குக் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும், ஆனால் அங்கேயும் ஈறு நோய் வந்து குழப்பும் என்றார். எப்படியானாலும் அது கூடுதல் தடயம்தான். அதை மட்டும் வைத்து நல்ல பல்லைக் குடைவது அநியாயம்.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டால் "டெஸ்ட் சார்ஜ்" என்கிறார்கள். தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கிறேன். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நீங்கள் போனால் எந்தப் பல் என்று கேளுங்கள், எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லுங்கள், பில் இல்லாமல் பணம் கட்டாதீர்கள். சந்தேகம் இருந்தால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவிலும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.