ஒபரேசனுக்குப் பிறகு காசை எங்கே போடுவது: தெல்லிப்பழைக் கிளினிக்கும் வெளிப் பரிசோதனையும்

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய்க்காக இடது மார்பில் ஒபரேசன் முடிந்து இது மூன்றாவது வருடம். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவில்தான் தொடர்ந்து காட்டுகிறோம். கூட்டிக்கொண்டு போவது நான். இதே நிலையில் இருக்கிற தெரிந்தவர்கள் கேட்பது ஒன்றுதான்: இலவசக் கிளினிக்கோடு நிற்கலாமா, காசு கொடுத்து வெளியிலும் பார்க்க வேண்டுமா? கிளினிக்கை விடவே கூடாது என்பேன். கையில் காசு இருந்தால் அதற்கு வேறு வேலை இருக்கிறது.

2011 இல் நாட்டின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஆட்கள் நடந்து சேர்த்த காசில் எழும்பிய பிரிவு இது. முன்பு எங்கள் சனத்தில் எத்தனையோ பேர் கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமவில் இருக்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினார்கள். இரவு பஸ், தங்குகிற காசு, விளங்காத மொழி, கூடப் போகிறவரின் சம்பளம். இப்போது கே.கே.எஸ். வீதி பஸ்ஸில் ஏறினால் சரி. டொக்டரிடம் நோவைத் தமிழில் சொல்லலாம். இந்த மிச்சத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அரச கிளினிக் எதுவானாலும் அரைநாள் போகும், அதை மனதில் வைத்துத்தான் வெளிக்கிட வேண்டும். ஆனால் உள்ளே நடக்கிற சோதனை அப்படி ஒரு கவனம். டொக்டர் முதலில் தழும்பு நெடுக விரலால் அழுத்திப் பார்ப்பார். பிறகு அக்குள், காறை எலும்புக்கு மேலே, கழுத்து, மற்ற மார்பு. இருமல் இருக்கிறதா, முதுகெலும்பில் நோவு உண்டா, மெலிந்திருக்கிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். கான்சர் திரும்பி வராமலிருக்க அக்கா தமொக்சிபன் குளிசை எடுப்பதால் இரத்தப்போக்கையும் கால் வீக்கத்தையும் தவறாமல் விசாரிப்பார். அந்தக் குளிசை சிலருக்குக் கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கும், காலில் இரத்தம் கட்டியாக உறையவும் வைக்கும்.

ஒருமுறை கிளினிக் மிஸ்ஸி (தாதி) அக்காவின் இடது கையைப் பிடித்து, பெருவிரலால் அமத்திவிட்டு எடுத்தார். விழுந்த குழி உடனே நிரம்பவில்லை. மோதிரம் இறுகுவது வெயிலால் என்றே அக்கா நினைத்துக்கொண்டிருந்தார். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களுக்கு இப்படி நீர் தேங்கும், தொடக்கத்திலேயே பிடித்தால் கட்டுப்படுத்தலாம் என்று விளக்கி, அன்றைக்கே பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். எந்த இரத்தப் பரிசோதனையிலும் இது தெரிந்திருக்காது.

இனி வெளியில் செலவழித்த கதை. கனடாவில் இருக்கிற அண்ணா, "காசைப் பற்றி யோசியாதேங்கோ, எல்லாத்தையும் செய்து பாருங்கோ" என்று அனுப்பிவிட்டார். பட்டணத்தில் ஒரு தனியார் நிலையத்தில் 'முழுக் கான்சர் செக்கப்' என்று கட்டாக விற்கிறார்கள். இரத்தத்தில் ஒரு மார்க்கர் (கான்சர் இருந்தால் கூடக்கூடிய ஒரு பொருள்) கொஞ்சம் கூட என்று வந்தது. விளக்கம் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை, ஸ்கானுக்குத் துண்டு மட்டும் தந்தார்கள். ஸ்கானில் ஒன்றுமில்லை. இடையில் வீட்டில் ஒருவரும் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை, அக்கா சாப்பாட்டையே விட்டுவிட்டார்.

கிளினிக்கில் ரிப்போட்டைக் காட்டியபோது, "உங்களுக்கு ஒரு குறையும் இல்லாட்டி உது ஒண்டும் தேவையில்லை" என்றார் டொக்டர். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து, ஒரு அறிகுறியும் இல்லாதவர்களுக்கு மார்க்கரும் முழு உடல் ஸ்கானும் வழக்கமாகச் செய்வதால் ஆயுள் கூடுவதில்லை, வீண் பயம்தான் கூடும் என்பதே உலக வழிகாட்டல்களும் சொல்வது. முதல் மூன்று வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை டொக்டர் சோதிக்க வேண்டும், அடுத்த இரண்டு வருடம் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை. வருடா வருடம் மமோகிராம், அதாவது மார்பு எக்ஸ்ரே. அவ்வளவுதான். பெருங்குடல் கான்சர்க்காரருக்கு இது பொருந்தாது, அவர்களுக்குச் சீ.ஈ.ஏ. என்ற மார்க்கர் இரத்தப் பரிசோதனையும் முக்கியம். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் லிஸ்ட்டைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

நோவோ புதுக் கட்டியோ இருந்தால் கதை வேறு. அப்போது டொக்டர் எழுதுகிற ஸ்கானுக்கு எவ்வளவு போனாலும் போகட்டும். பின்னேரத்தில் ஸ்பெஷலிஸ்டைச் சனல் பண்ணி (காசு கட்டித் தனியாரில் பார்த்து) ஆறுதலாகக் கதைப்பதையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள்.

அண்ணாவின் காசு இப்போது வேறு வழியில் போகிறது. மமோகிராமுக்குத் திகதி தள்ளிப்போனால் வெளியில் எடுக்கிறோம். கைக்கு இறுக்கமான உறை வாங்கினோம். தமொக்சிபன் 20 மில்லிகிராம் ஒரு மாதத்துக்கு மேலதிகமாக வீட்டில் இருக்கிறது. 2022 இல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்ததை மறக்க முடியுமா? ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம் எடுக்க வேண்டிய குளிசையை இடையில் விடக்கூடாது. களைத்துப்போகிற நாளில் திரும்பி வர ஓட்டோவும் அதில்தான். இரத்தப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்குவது, மூச்சு வாங்குவது, இவற்றில் ஏதாவது கண்டால் கொப்பியில் போட்ட திகதி வரும்வரை இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.