ஜேபிஎல் எல்100 கிளாசிக்: பழைய பெட்டிக்குள் புதிய கணக்கு

அமெரிக்க ஒலிக்கருவி நிறுவனமான ஜேபிஎல் 1970-இல் வெளியிட்ட எல்100 செஞ்சுரி, வீட்டுக்கென்றே பிறந்த ஒலிபெருக்கி அன்று. ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்பட்ட 4310 என்ற மானிட்டர் ஸ்பீக்கரைத்தான் வால்நட் மரப்பெட்டியில் வைத்து, சிறு சிறு சதுரங்களாக வெட்டிய ஃபோம் கிரில்லை முன்னால் மாட்டி, ஜேபிஎல் வீட்டுக்கு அனுப்பியது. அந்த 4310-க்கும் ஒரு முன்கதை உண்டு. அன்றைய அமெரிக்க ஒலிப்பதிவுக் கூடங்களில் கோலோச்சிய ஆல்டெக் 604 என்ற பெரிய மானிட்டரின் ஒலியை, அதைவிடச் சிறிய பெட்டியில் கொண்டுவருவதே அதன் நோக்கம். ஆகவே, பாடகரின் குரலும் கித்தாரும் கேட்பவரை நோக்கி முன்வந்து நிற்கும் அந்தத் துணிச்சலான ஒலி, எல்100-க்குப் பிறவிக்குணமாக வாய்த்தது. 1970களில் ஜேபிஎல் விற்ற வீட்டு ஒலிபெருக்கிகளில் மிக அதிகமாக விற்பனையானது அதுவே. 2018-இல் அறிமுகமான எல்100 கிளாசிக், அதே நிறுவனம் தன் கலிஃபோர்னிய ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய அதன் வாரிசு.

வாரிசை எடைபோட வேண்டுமானால், மூலத்தின் குறையை மரியாதைக்காக மறைக்கக் கூடாது. பழைய எல்100-இல் தாழ்ந்த ஒலிக்கு வூஃபர், நடு ஒலிக்கு மிட்ரேஞ்ச், உயர்ந்த ஒலிக்கு ட்வீட்டர் என மூன்று ட்ரைவர்கள் (ஒலியெழுப்பும் உறுப்புகள்). அவற்றில் 12 அங்குல வூஃபருக்கு, உயர்ந்த ஒலிகளைத் தடுக்கும் வடிகட்டியே கிடையாது. மிட்ரேஞ்சுக்கும் ட்வீட்டருக்கும் தாழ்ந்த ஒலிகள் போகாமல் கெப்பாசிட்டர்கள் தடுத்தன. வூஃபரோ ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் முழு சிக்னலையும் அப்படியே வாங்கிக்கொண்டு, தன் கூம்பின் இயல்பால் எங்கே ஓய்கிறதோ அங்கே ஓய்ந்தது. மிட்ரேஞ்ச் 1,500 ஹெர்ட்ஸிலும், ட்வீட்டர் 6,000 ஹெர்ட்ஸிலும் பொறுப்பேற்றன. 1,500 ஹெர்ட்ஸில் ஒலியலையின் நீளம் ஏறத்தாழ 23 சென்டிமீட்டர்தான். 12 அங்குலம் என்பதோ 30 சென்டிமீட்டர். அலையைவிடக் கூம்பு பெரிதாகிவிட்டால், ஒலி பக்கவாட்டில் பரவாமல் டார்ச் விளக்கின் வெளிச்சம் போல நேரே குவியும். நேர் எதிரில் உட்கார்ந்தவருக்குக் கேட்பது ஒன்று, சோபாவின் ஓரத்தில் இருப்பவருக்குக் கேட்பது வேறொன்று. மேலே, 5 அங்குல மிட்ரேஞ்ச் 6,000 ஹெர்ட்ஸ் வரை ஏறவேண்டியிருந்ததால், அங்கேயும் இதே சிக்கல் மறுபடி தலைகாட்டியது. ஒலிப்பதிவு மேசைக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இது பெரிய குறையன்று. குடும்பம் சுற்றி உட்காரும் கூடத்துக்கு இது குறைதான்.

புதிய வடிவமைப்பில் உண்மையான மாற்றம் நிகழ்ந்திருப்பது இந்த இடத்தில்தான். வூஃபர் இப்போதும் 12 அங்குலம், இப்போதும் வெள்ளைக் காகிதக்கூழ்க் கூம்பு. ஆனால் அது 450 ஹெர்ட்ஸிலேயே விலகிக்கொள்கிறது. அந்த ஒலியின் அலைநீளம் 76 சென்டிமீட்டர் என்பதால், கூம்பு குவிக்கத் தொடங்கும் எல்லைக்கு வெகு முன்பே வேலை கைமாறிவிடுகிறது. 450 முதல் 3,500 ஹெர்ட்ஸ் வரை, அதாவது குரலின் தெளிவும் சொல்லின் உச்சரிப்பும் குடியிருக்கும் பகுதி முழுவதையும், 5.25 அங்குல மிட்ரேஞ்ச் ஒன்றே சுமக்கிறது. அதற்கு மேல், பழைய காகிதக் கூம்பு ட்வீட்டரின் இடத்தில் 1 அங்குல டைட்டானியம் டோம் அமர்ந்திருக்கிறது. அதைச் சுற்றி ஆழமற்ற கிண்ணமாக இருக்கும் வேவ்கைட் என்ற அமைப்பை அலங்காரம் என்று நினைத்துவிடலாகாது. சிறிய டோமின் ஒலி இயல்பாகவே எல்லாத் திசையிலும் சிதறும். கைமாறும் இடத்தில் மிட்ரேஞ்சின் பரவலோடு அதன் பரவலும் இசையுமாறு கட்டுப்படுத்துவது அந்தக் கிண்ணம்.

இந்தக் கணக்கெல்லாம் காதுக்கு என்ன தருகிறது என்பதை மிருதங்கம் நன்றாகக் காட்டிக்கொடுக்கிறது. தொப்பி எனப்படும் இடப்பக்க முகத்தில் உள்ளங்கையை அழுத்தி நகர்த்தும்போது எழும் கும்கி, கீழிருந்து வழுக்கி மேலேறும் ஒலி. ஒல்லியான டவர் ஸ்பீக்கர்கள் பலவற்றில் அது வெறும் ‘பொம்’ என்று சுருங்கிவிடும். இதில் தோலின் இழுவை தெரிகிறது, அந்தத் தோலின் பரப்பளவும் தெரிகிறது. வலந்தலை எனப்படும் வலப்பக்க முகத்தில் விழும் சாப்பு என்ற அடி மேல்கட்டில் தனியே மணியாக ஒலித்தாலும், இரண்டும் ஒரே கட்டையின் இரு முகங்கள் என்ற ஒருமை குலையவில்லை. மூன்று ட்ரைவர்களுக்கிடையே தையல் தெரியவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. எழுந்து அறையின் ஓரத்துக்குப் போய் நின்றாலும் பாடகரின் குரல் நிறம் மாறுவதில்லை. பழைய எல்100-இடம் இதை எதிர்பார்க்க முடியாது.

இழப்பும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பழையதன் நடுப்பகுதியில் இருந்த முரட்டுத்தனம், ராக் இசையின் கித்தாரையும் ஸ்நேர் டிரம்மையும் முகத்துக்கு நேரே எறிந்த அந்த வேகம், புதியதில் மட்டுப்பட்டிருக்கிறது. அதற்காகவே ஏங்குபவர்கள் பழைய ஜோடியைத் தேடிப் பிடிப்பதே சரி. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அடித்தளத்திலும் ஒரு குறிப்பு: பாஸ் தாராளமானது, சற்றுத் தடித்தது. பாஸ் வெளிவரும் காற்றுத்துளையான போர்ட் முன்பக்கம் இருந்தாலும், பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் தம்புராவுக்குக் கூட வயிறு வைத்துவிடும். 40 ஹெர்ட்ஸில் 6 டெசிபெல் இறக்கம் என்று நிறுவனமே குறிப்பிட்டிருப்பதால், இந்த அளவுள்ள பெட்டியிடம் ஆழத்தின் அடிமட்டத்தை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபோம் கிரில் கறுப்பு, ஆரஞ்சு, நீலம் என மூன்று நிறங்களில் வந்தது. அந்த ஆரஞ்சு மிக அழகு. பழைய பெட்டிகளின் ஃபோம் காலப்போக்கில் பொடிப்பொடியாக உதிர்ந்துபோனது சேகரிப்பாளர்கள் எல்லோரும் அறிந்தது. முன்பலகையில் மிட்ரேஞ்சுக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனி ஒலியளவுத் திருகுகளைத் தக்கவைத்தது, என் பார்வையில், மிக நல்ல முடிவு. இக்காலப் பொறியாளர் பலர் இதை நாகரிகக் குறைவாகக் கருதி நீக்கியிருப்பார்கள். டைல்ஸ் தரையும் வெறும் சுவருமாக இருக்கும் நம் வீட்டுக் கூடங்களில் உயர்ந்த ஒலிகள் எதிரொலித்துக் கூசும். ட்வீட்டர் திருகைச் சற்றே இறக்கினால் வயலினின் கூச்சம் அடங்குகிறது, கம்பியின் உரசல் மறைவதில்லை.

வாங்க நினைப்பவர்கள் ஆம்ப்ளிஃபயரை முதலில் பார்க்க வேண்டும். பழையது 8 ஓம். புதியது 4 ஓம், அதாவது ஆம்ப்ளிஃபயரிடம் அதிக மின்னோட்டம் கேட்கும். 90 டெசிபெல் உணர்திறன் என்பதால் சத்தத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் மின்னோட்டத்தைத் தாராளமாகக் கொடுக்க முடியாத சிறிய ரிசீவர்கள் 12 அங்குலக் கூம்பை அடக்கி ஆளத் திணறும். ஒவ்வொரு பெட்டியும் 26 கிலோவுக்கு மேல். தரையிலிருந்து சற்றே உயர்த்திப் பின்னோக்கிச் சாய்க்கும் தாழ்வான ஸ்டாண்டைத் தனியாக வாங்க வேண்டியிருக்கிறது. அறிமுகமானபோது அமெரிக்காவில் ஜோடி 4,000 டாலர் விலை வைத்த பொருளுக்கு, அதைச் சேர்த்தே கொடுத்திருக்கலாம். ஸ்டாண்ட் இல்லாமல் வெறும் தரையில் வைத்துக் கேட்டுவிட்டு யாரும் இதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ட்வீட்டர் முழங்கால் உயரத்தில் நின்றுவிடுவதோடு, தரையும் பாஸைக் கூட்டிக் குரலை மூடிவிடும்.