வேலூரில் லைட் அடித்தால் என்ன அர்த்தம்

அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன். அதற்காக இந்த முறை மூன்று வாரம் வேலூரில் இருந்தேன். பர்மிங்ஹாமில் பதினோரு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன் என்ற தைரியத்தில் மாமாவின் காரை நானே எடுத்தேன். இரண்டாம் நாள் விருதம்பட்டில் வலது பக்கம் திரும்பக் காத்திருந்தபோது, எதிரே வந்த லாரி இரண்டு தடவை லைட் அடித்தது. வழி விடுகிறார் என்று நினைத்து வண்டியை நகர்த்திவிட்டேன். மாமா "நில்றா!" என்று கத்தியதும் பிரேக்கை அழுத்தினேன். லாரி வேகம் குறையாமல் மூக்குக்கு முன்னால் போனது.

"லைட்டு அட்ச்சா இன்னா அர்த்தம்? நான் வந்துனு கீறேன், நீ நில்லுன்னு அர்த்தம்" என்றார் மாமா. அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

இங்கிலாந்தில் லைட் அடித்தால் 'நீங்க போங்க' என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த நாட்டுச் சாலை விதிப் புத்தகத்தில் 110ஆம் விதி, நாம் இருப்பதைத் தெரிவிக்க மட்டுமே லைட் அடிக்கலாம், வேறு எதற்கும் கூடாது என்கிறது. அப்படிப் பார்த்தால் லாரிக்காரர் பக்கம்தான் நியாயம். வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே ஸ்டீயரிங் பிடிப்பவர்கள் முதல் நாளே இதை மனசில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இங்கே மரியாதையே இல்லை என்று சொல்லமாட்டேன். மாமா பையனின் பைக்கில் கிரீன் சர்க்கிளைத் தாண்டும்போது, முன்னே போன பெண்ணின் துப்பட்டா சக்கரத்தை ஒட்டிப் பறந்தது. மூன்று வண்டிக்காரர்கள் ஒரே நேரத்தில் "அக்கா, துப்பட்டா!" என்று குரல் கொடுத்தார்கள். ஸ்டாண்டை மடக்காமல் கிளம்பினால் முகம் தெரியாத யாராவது ஒருவர் துரத்தி வந்து சொல்லிவிட்டுப் போகிறார். பகலில் லைட் எரிந்தால் விரல்களைக் குவித்து விரித்துக் காட்டும் பழக்கம் மட்டும் குறைந்துவிட்டது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பைக்குகளில் லைட் எப்போதும் எரியும் என்பதால் அதற்கு வேலையில்லை. பர்மிங்ஹாமில் வழி விட்டதற்கு நன்றியாகக் கை தூக்குவார்கள், உண்மைதான். ஆனால் என் ஸ்டாண்டைப் பற்றி அங்கே யார் கவலைப்பட்டார்கள்?

என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது ஹாரன். ஆஸ்பத்திரியைச் சுற்றி குறைந்தது 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அரசு அறிவிக்கலாம் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளே சொல்கின்றன. அப்படி அறிவித்த இடத்தில் ஹாரன் அடித்தால் முதல் தடவை 1,000 ரூபாய் அபராதம், அடுத்த தடவை 2,000. ஆனாலும் ஆஸ்பத்திரி இருக்கும் ஐடா ஸ்கடர் சாலையில் பஸ் பின்னால் பஸ் நின்று, முன்னால் நகர இடமே இல்லாதபோதும் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்த ராத்திரி, ஒவ்வொரு ஏர் ஹாரனுக்கும் அம்மாவின் உடம்பு தூக்கிப்போட்டது. அவர் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த டிரைவர்களின் வீட்டிலும் யாராவது இப்படிப் படுத்திருக்க மாட்டார்களா?

அடுத்தது ஆம்புலன்ஸ். சைரன் கேட்டால் ஆட்டோக்காரர்கள் பிளாட்பாரத்தில் ஏற்றியாவது ஒதுங்குகிறார்கள். அப்படிக் கிடைத்த வழியில் ஆம்புலன்சின் வாலைப் பிடித்துக்கொண்டு நாலு பைக், ஒரு கார் போகிறது. பார்க்கவே வயிறு எரிகிறது.

டவுன் பஸ்ஸில் ஒரு தரம் போனேன். கூட்டம் அதிகம்தான், ஆனால் வாக்கர் வைத்திருந்த பெரியவர் ஏறி உட்காரும்வரை கண்டக்டர் விசில் ஊதவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று அம்மாவை ஆட்டோவில் கூட்டி வந்தேன். குறுக்கே ஒரு வயதான வங்காளி தம்பதி, கையில் ஸ்கேன் கவர், ரோட்டின் நடுவில் திகைத்து நின்றார்கள். பின்னால் ஹாரன் பிளந்தது. எங்கள் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, தலையை வெளியே நீட்டி, "ஆஸ்தே தாதா, ஆஸ்தே" (மெதுவா அண்ணா, மெதுவா) என்று அவர்கள் பாஷையிலேயே சொன்னார். பின்னால் இருந்தவரைத் திரும்பிப் பார்த்து, "பேஷன்ட்டுப்பா, கொஞ்சம் இரு" என்றார். அம்மா அவர் தோளைத் தொட்டு, "நல்லா இருப்பா" என்றார்.