தரிசு நிலங்களைச் சேர்த்துப் பராமரிக்கும் நிலச் சங்கம்: ஓர் உறுப்பினரின் மதிப்பீடு

தாய்வழியில் எனக்கு வந்த சிறிய மலைச்சரிவு நிலத்தை மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நிலச் சங்கத்தின் பராமரிப்பில் ஒப்படைத்தேன். அதே யோசனையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். சங்கத்தின் பெயரையோ அது இயங்கும் ஊரையோ இங்கே சொல்லப்போவதில்லை. ஆட்கள் வெளியேறிய எந்த மலைப்பகுதிக்கும் பொருந்தும் செய்திகளை மட்டும் சொல்கிறேன்.

ஏற்பாடு எளிமையானது. உழ ஆளின்றி விடப்பட்ட பல துண்டுகளின் உரிமையாளர்கள், உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, பராமரிப்பை மட்டும் ஒரு பொது அமைப்பிடம் கொடுக்கிறார்கள். அந்த அமைப்பு துண்டுகளை ஒரே பரப்பாகச் சேர்த்து, மேய்க்கவோ பயிரிடவோ முன்வருபவருக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விடுகிறது. பிரான்ஸில் 1972-ஆம் ஆண்டின் மேய்ச்சல் சட்டம் இத்தகைய சங்கங்களுக்கு வழி செய்தது. இத்தாலியின் பியெமான்டே மாநிலம் 2016-இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. ஸ்பெயினின் கலீசியாவில் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த நில வங்கியும், ஜப்பானில் 2014-இல் ஒவ்வொரு மாகாணத்திலும் தொடங்கப்பட்ட விளைநில இடைநிலை அமைப்புகளும் இதே வேலையை அரசின் கையால் செய்கின்றன. நான் சேர்ந்திருப்பது முதல் வகை, அதாவது உரிமையாளர்களே கூடி நடத்தும் சங்கம்.

இந்தச் சேவையின் மிகப் பெரிய பயன் விளைச்சலில் இல்லை. சிதறிக் கிடக்கும் கையெழுத்துகளை ஒன்றுசேர்ப்பதில்தான் இருக்கிறது. சேர்ந்த நாளில் சங்க அலுவலகத்தில் சரிவின் வரைபடத்தை மேசைமேல் விரித்துக் காட்டினார்கள். தொலைவிலிருந்து பார்த்தால் ஒரே புதர்க்காடாகத் தெரியும் அந்த இடம், தாளில் நெருங்கிய கோடுகளால் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டங்களாகப் பிரிந்திருந்தது. ஒப்புதல் வந்த கட்டங்களுக்குப் பச்சை வண்ணம் தீட்டியிருந்தார்கள். என் துண்டு பந்தியில் விரிக்கும் பாயைப் போல நீண்டு ஒடுங்கியது. அதன் பதிவேட்டில் இன்னும் என் தாத்தாவின் பெயர்தான் இருந்தது. அவருக்குப் பின் பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள் என்று எண்ணினால் பதினான்கு பங்குதாரர்கள். அவர்களில் ஐந்து பேரை நான் நேரில் பார்த்ததே இல்லை. பாகப்பிரிவினை தலைமுறைக்குத் தலைமுறை நடந்த இடங்களில் இதுதான் பொது நிலை. ஒரு துண்டைத் தனியே திருத்தினால் செலவுக்குக்கூடக் கட்டாது. திருத்த வருபவரோ நூறு பேரிடம் தனித்தனியே ஒப்பந்தம் போட முடியாது. நிலம் தரிசானதற்குச் சோம்பலைக் காரணம் சொல்பவர்கள் ஒருமுறையாவது இப்படியொரு வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

அந்தப் பதினான்கு பேரையும் தேடிக் கடிதம் எழுதியவர் சங்கத்தின் ஒரே சம்பள ஊழியர். பதில் வராத இடத்துக்கு மறுபடி எழுதினார். முகவரி மாறியவர்களின் பிள்ளைகளைத் தொலைபேசியில் பிடித்தார். ஒரு வயதான சித்தியிடம் அரை நாள் உட்கார்ந்து பேசினார். ஏழு மாதங்களில் எங்கள் துண்டு பச்சையானது. நாங்கள் உறவினர்கள் இருபது ஆண்டுகளாகச் செய்யாத வேலை அது. அதற்காக மட்டுமே இந்தச் சேவைக்கு என் முழு மதிப்பையும் தருவேன்.

‘நிலம் கைவிட்டுப் போய்விடுமோ’ என்பதுதான் எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. பியெமான்டே சட்டம் இதை நேரடியாகவே கையாள்கிறது: சங்கத்தில் சேர்வது விருப்பத்தின் பேரில்தான், நில உரிமை உரிமையாளரிடமே நிற்கும், நெடுங்கால அனுபோகத்தைக் காட்டி அதை யாரும் தமதாக்கிக்கொள்ள முடியாது. எங்கள் ஒப்பந்தத்திலும் இதே பொருளில் ஒரு பிரிவு இருக்கிறது. அதை இரண்டு முறை படித்த பிறகே கையெழுத்திட்டேன். விலக நினைப்பவர் விலகலாம். ஆனால் நடப்பிலிருக்கும் குத்தகைக் காலம் முடியும்வரை பொறுக்க வேண்டும். இதைக் குறையாக நான் கருதவில்லை. ஆட்டுப் பட்டியும் வேலியும் தண்ணீர்த் தொட்டியும் அமைப்பவருக்கு, நடுவில் எவரும் துண்டைப் பிடுங்கிக்கொள்ள மாட்டார் என்ற உறுதி வேண்டும்.

முதல் ஆண்டின் புதர் வெட்டு நாளில் நானும் போயிருந்தேன். இடுப்பளவு முட்செடிகளை இயந்திரத்தால் அறுத்துக்கொண்டே முன்னேறியபோது, கல்கட்டு ஒன்று சிறிது சிறிதாக வெளிப்பட்டது. சுண்ணாம்போ சிமென்ட்டோ இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிய பழைய கட்டு. நடுவில் ஓரிடத்தில் கர்ப்பிணியின் வயிறுபோல் முன்தள்ளி நின்றது. கொத்தனார் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, பின்னால் நிரப்பிய சில்லுக்கற்களுக்கிடையே மண் அடைத்துக்கொண்டதால் மழைநீர் வெளியேற வழியில்லாமல் கட்டைத் தள்ளுகிறது என்றார். ஆறடி நீளத்தைப் பிரித்து, பெரிய கல் சிறிய கல் என்று வகைவாரியாகத் தரையில் பரப்பி, மேலே சற்று உள்சாய்வாகத் திரும்பக் கட்டினார். வரிசைக்கு வரிசை இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி கல்லைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். இந்த உலர்கல் கட்டுக் கலையை 2018-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் எங்கள் சரிவில் அதைத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். அவரோடு இரண்டு இளைஞர்களைச் சங்கம் உதவிக்கு அமர்த்தியது, நான் இதுவரை கண்ட அதன் முடிவுகளில் மிகச் சிறந்தது.

பணத்துக்காக இதில் சேராதீர்கள். என் பங்குக்கு வரும் குத்தகை, ஆண்டுக்கொருமுறை நிலத்தைப் போய்ப் பார்த்துவரும் பயணச் செலவுக்குக்கூட எட்டாது. சங்கத்தின் வருவாயில் பெரும்பகுதி பாதை சீரமைப்புக்கும் கல்கட்டுக்கும் போகிறது, அது சரியானதும்கூட. கிடைக்கும் ஆதாயம் வேறு வகையானது. புதர் மண்டிய சரிவு கோடையில் ஊர்வரை தீயை இழுத்து வரும். மேயப்படும் சரிவில் தீக்கு இரை குறைவு. மீண்டும் மீண்டும் காட்டுத்தீயைச் சந்திக்கும் கலீசியா 2021-இல் இயற்றிய விளைநில மீட்புச் சட்டத்தில், ஊர்களைச் சுற்றியுள்ள நிலத்தைத் திருத்திப் பயிருக்குக் கொண்டுவரும் ‘மாதிரிக் கிராமம்’ என்ற ஏற்பாட்டைச் சேர்த்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எங்கள் பக்கம் மூன்று கோடைகளாகத் தீ ஏறவில்லை. மூன்று ஆண்டுகளை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது. ஆனாலும் இரவில் நிம்மதியாக உறங்க முடிகிறது என்று கீழ்வீட்டுப் பெரியவர் சொன்னதை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனிக் குறைகள். பச்சைக் கட்டங்களுக்கு நடுவே பல வெள்ளைக் கட்டங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. உரிமையாளர் யாரென்றே தெரியாத துண்டுகள் அவை. அவற்றைச் சுற்றி வேலி போட வேண்டியிருப்பதால் செலவு கூடுகிறது. அங்கிருந்து முட்செடி மறுபடி திருத்திய நிலத்துக்குள் படர்கிறது. பிரான்ஸில் அரசு அனுமதியுடன் அமைக்கப்படும் சங்கங்களில், முறையாகத் தெரிவித்த பிறகும் எழுத்து மூலம் மறுக்காதவர் சம்மதித்தவராகவே கொள்ளப்படுகிறார். இத்தாலியில் 1978-லேயே வந்த ஒரு தேசியச் சட்டம், விடப்பட்ட நிலத்தைப் பயிரிடக் கேட்பவருக்கு ஒதுக்க வழி வைத்தது. அப்படியொரு பிடிமானம் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல சங்கமும் பாதி வழியில் நின்றுவிடும். எங்கள் சங்கம் இதற்காக உள்ளாட்சியை இன்னும் அழுத்தமாகக் கேட்டிருக்க வேண்டும் என்பது என் வருத்தம்.

கணக்கு விஷயத்திலும் மனக்குறை உண்டு. இரண்டாம் ஆண்டின் வரவு செலவு பதினொரு மாதம் தாமதமாக வந்தது. கேட்டபோது, ஊழியர் ஒருவரே கடிதமும் கணக்கும் களப்பணியும் பார்ப்பதாகச் சொன்னார்கள். உண்மைதான், அவரை நான் குறைசொல்லவில்லை. ஆனால் உறுப்பினர்களின் நம்பிக்கையில்தான் மொத்த ஏற்பாடும் நிற்கிறது. கணக்கு தாமதமான அந்த ஆண்டில் நான்கு பேர் விலகல் கடிதம் கொடுத்தார்கள். கணக்கெழுத வாரத்துக்கு ஒரு நாளாவது தனி ஆள் வேண்டும் என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தேன். நிறைவேறியது, இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், நிலத்தில் இறங்கி உழைப்பவர் யார் என்பது. எங்கள் குத்தகைதாரர்கள் ஓர் இளம் தம்பதியர்; ஆடுகளோடு வந்து, பூட்டிக்கிடந்த ஒரு வீட்டைச் சரிசெய்து, ஆண்டு முழுவதும் அங்கேயே வாழ்கிறார்கள். பக்கத்துச் சரிவில் இதே போன்ற இன்னொரு சங்கம் நிலத்தையெல்லாம் சேர்த்துவிட்டு, மேய்க்க ஆள் கிடைக்காமல் நான்கு ஆண்டுகளாகக் காத்திருக்கிறது. 2015-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 4,23,000 ஹெக்டேர் கைவிடப்பட்ட விளைநிலம் பதிவான ஜப்பானில்கூட, மறுபடி பண்படுத்த இயலாத அளவுக்குக் காடாகிவிட்ட நிலத்தை அந்த இடைநிலை அமைப்புகள் ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை. தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் திருத்தும் செலவு ஏறும். முட்செடி போய் மரம் வந்துவிட்டால் சில நாடுகளின் சட்டத்தில் அது காடாகவே கணக்காகி, வெட்டுவதற்குத் தனி அனுமதி தேவைப்படும்.

ஆகவே சேர எண்ணுபவர்கள் குத்தகைதாரர் முன்பே உறுதியாகியிருக்கிறாரா, குத்தகைக் காலம் எத்தனை ஆண்டு, இடிந்த கட்டைச் சீர்செய்யும் பொறுப்பு யாருடையது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவதை நான் கேட்காமல் விட்டேன். போன மழைக்காலத்தில் என் துண்டின் மேல்கட்டில் இரண்டு கெஜம் சரிந்தபோது, செலவு சங்கத்துடையதா குத்தகைதாரருடையதா என்று தீர்மானிக்க ஐந்து மாதம் ஆனது. அதுவரை விழுந்த கற்கள் வெள்ளாடுகள் போகும் பாதையிலேயே கிடந்தன. இப்போது சங்கம் ஏற்றுக்கொண்டுவிட்டது; அந்தக் கொத்தனாரிடம் தொழில் பழகிய இளைஞர்களில் ஒருவர் அடுத்த மாதம் கட்ட வருகிறார். கல் எடுத்துக் கொடுக்க நானும் போகிறேன்.