உருகும் ட்ரங்கிங்குக்குள் ஓர் உருக்குக் கிளிப்

லண்டன் வெம்பிளியில் ஓர் அடுக்குமாடி வீடு. வாசல் கூடத்துச் சீலிங்கில் 25×16 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ட்ரங்கிங் (கேபிளை மறைக்கும் மூடியுள்ள நீள்பெட்டி) ஓட்டி, இரண்டு 2.5 சதுர மில்லிமீட்டர் மின்கேபிள்களை உள்ளே கொண்டுபோக வேண்டும். அதற்காகவே 100 உருக்குக் கிளிப் அடங்கிய இந்தப் பெட்டியை வாங்கினேன். பில்லைப் பார்த்த வீட்டுக்கார அம்மா, "தம்பி, அதுதான் ட்ரங்கிங் இருக்கிறதே, உள்ளே எதற்கு இரும்பு?" என்று கேட்டார்.

2010 ஏப்ரல் 6 அன்று சவுத்தாம்ப்டன் ஷெர்லி டவர்ஸில் நடந்ததை அவருக்குச் சொன்னேன். தீயின் வெப்பத்தில் பிளாஸ்டிக் ட்ரங்கிங் இளகிவிட்டது. கேபிள்கள் சரிந்து தொங்கின. முதுகில் மூச்சுக் கருவியோடு உள்ளே போன தீயணைப்பு வீரர்கள் ஆலன் பேனனும் ஜேம்ஸ் ஷியர்ஸும் அவற்றில் சிக்கினார்கள். இருவரும் திரும்பவில்லை. 2005இல் ஸ்டீவனேஜிலும் ஒரு வீரர் இப்படிக் கேபிளில் சிக்கி இறந்திருந்தார். பிரிட்டனின் மின்வயரிங் விதிநூலான பிஎஸ் 7671, 2015இல் தப்பிச் செல்லும் வழிகளுக்கு மட்டும் உறுதியான தாங்கியைக் கட்டாயமாக்கியது. 2018இல் வந்த அதன் 18ஆம் பதிப்பு அதைக் கட்டடம் முழுவதற்கும் விரித்தது. பிளாஸ்டிக் கிளிப்பையோ ட்ரங்கிங்கையோ மட்டும் நம்பிக் கேபிளைத் தொங்கவிடக் கூடாது. அந்த அம்மா அதற்குப் பிறகு விலையைப் பற்றிப் பேசவே இல்லை.

இனி கிளிப். ட்ரங்கிங்குக்குள் அதன் அடிப்பக்கத்தில் வைத்து ஸ்குரூ முடுக்கி, இரு கைகளையும் கேபிள் மேல் மடித்துவிட்டால் போதும். மூடி தடையில்லாமல் பொருந்துகிறது. மூன்றாவது கேபிளைச் சேர்த்தால் பொருந்தாது. வேலைக்கு முன் தோட்டத்தில் ஒரு துண்டு ட்ரங்கிங்கைப் பலகையில் அடித்து, ஊதுவிளக்கைக் காட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் நொடிகளில் வளைந்து வழிந்தது. கேபிளின் உறை கருகியும் செம்புக் கம்பிகள் கிளிப்பின் பிடியிலேயே நின்றன. அதைப் பார்த்தபோது மனத்துக்கு நிறைவாக இருந்தது.

எனக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. பெட்டிக்குள் பிளாஸ்டிக் பிளக்குகளை, அதாவது ஸ்குரூவைப் பிடிக்கத் துளையில் செருகும் குழல்களை, போட்டிருக்கிறார்கள்! ஸ்குரூவைப் பிடித்திருக்கும் பிளக் இளகினால் உருக்குக் கிளிப்பும் கேபிளோடு சேர்ந்துதானே விழும்? இதை யோசிக்காமல் எப்படி விற்கிறார்கள் என்று கோபம் வந்தது. பிளக்குகளை எறிந்துவிட்டு, காங்கிரீட்டில் நேரடியாக இறங்கும் ஸ்குரூவைப் போட்டேன். சில கிளிப்புகளின் விளிம்பும் கூராக இருந்தது; கேபிள் உறையைக் கீறாதபடி அரம் கொண்டு தேய்க்க வேண்டியிருந்தது.

எவ்வளவு தூரத்துக்கு ஒன்று என்று பெட்டியில் எழுதவில்லை. அரை மீட்டருக்கு ஒன்று வைத்தேன். வளைவுகளின் இரு பக்கமும் கூடுதலாக ஒவ்வொன்று. இடைவெளி கூடினால் கேபிள் வளையமாகத் தொங்கும், தீயணைப்பு வீரரின் முதுகுச் சிலிண்டர் மாட்டிக்கொள்ள அதுவே போதும்.

இரண்டாவது பெட்டியும் வாங்கிவிட்டேன். என் சொந்த வீட்டு மாடிப்படிக்கு மேலே 2012இல் நானே ஓட்டிய ட்ரங்கிங்கை வரும் சனிக்கிழமை திறக்கிறேன்.